சமுதாயக் கல்லூரிக்கு விடுதி: கட்டிடம் வேண்டாம், 24 கட்டில் போதும்

குமரி மாவட்டத்தில், வேலைக்கான தொழில் படிப்பு சொல்லித்தரும் சமுதாயக் கல்லூரி நடத்துகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டிவிடலாமா? கட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் விடுதி வேண்டும். கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில், 24 பேர் தங்குகிற வாடகை வீடு ஒன்று. அதைச் சரியாக நடத்தினால் போதும்.

காரணம் படிப்பிலேயே இருக்கிறது. இங்கே பெரும்பாலும் ஒரு வருஷ டிப்ளமோ. அதிலும் பாதிக்குப் பக்கம் ஆஸ்பத்திரியிலோ ஓட்டலிலோ ஒர்க்‌ஷாப்பிலோ பயிற்சி. இந்த வருஷம் நர்சிங் உதவியாளர் படிப்புக்குக் கூட்டம் தள்ளும். அடுத்த வருஷம் ஏசி மெக்கானிக் வகுப்புதான் நிறையும். பயிற்சிக்குப் பிள்ளைகள் கிளம்பிப்போன மாதங்களில் கட்டில் காலி. இப்படி ஏறி இறங்குகிற எண்ணிக்கையை நம்பி இருபது வருஷக் கடனில் கட்டிடம் எழுப்பினால், வட்டிச் சுமை கடைசியில் பிள்ளைகளின் கட்டணத்தில்தான் வந்து விழும்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தக்கலை நெரிசலையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சலிப்பான பயணம்தான், ஆனாலும் அடுத்தடுத்து பஸ் உண்டு. அப்படி வந்துபோகிற பிள்ளைக்கு விடுதி தேவையில்லை. மலையோரத்துப் பத்துகாணி, ஆறுகாணி, கோதையாறு பக்கத்திலிருந்து வருகிறவர்களின் கதை வேறு. கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கடைசி வகுப்பை விட வேண்டும். ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட் முடித்து வெளியே வரும் பெண்ணும், கன்னியாகுமரி ஓட்டல்களில் ஐயப்ப சீசனில் ராத்திரி பத்து மணி வரை பயிற்சி செய்கிற பையனும் இதே நிலைதான்.

ஆகவே முதல் வேலை பிள்ளைகளின் பயணத்துக்கு ஒரு வாரம் பேரேடு போடுவது. எப்போது வீட்டை விட்டுக் கிளம்பினார்கள், எத்தனை பஸ் மாறினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மூன்று கேள்வி போதும். தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம், அல்லது வீடு சேர இரவு எட்டைத் தாண்டுகிறது என்றால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘விடுதி இருந்தால் சேருவாயா’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் சேருவேன் என்பார்கள், பணம் கட்டும் நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். மலையோரத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டுக்குப் போகிற அப்பாவுக்குக் கூடமாட நிற்கிறவன் இந்தப் பையன்தான். அவனை ஏழு நாளும் விடுதியில் வைத்தால் அந்தக் குடும்பத்துக்கு வருமானம் குறையும். திங்கள் காலை வந்து வெள்ளி மாலை வீடு போகிற ஐந்து நாள் விடுதி என்றால் ஒத்துவரும். மெஸ் செலவும் மாதம் 22 நாளோடு நிற்கும்.

வீடு பார்க்கும்போது அறை எத்தனை என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிணறும் செப்டிக் டேங்க்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டர், அதாவது 49 அடி வேண்டும். ஐந்து சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 47 அடிக்குள்தான் வரும். மூலைக்கு மூலை வைத்தால் ஒழிய அந்த இடைவெளி கிடைக்காது, அடுத்த வீட்டு டேங்க் வேறு சுவரை ஒட்டி இருக்கும். பத்து சென்ட்டுக்குக் குறைந்த மனையை நான் எடுக்கச் சொல்லமாட்டேன். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய டேங்க்கில் 24 பேர் புழங்கினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வேகத்தில் நிரம்பும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது உறிஞ்சுகுழி நீரை வாங்காது. அதனால் மழைக்கு முன்னே, புரட்டாசியிலேயே டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 24 பேருக்கு 3,240. அதில் பாதி காலை ஐந்தரை முதல் ஏழரைக்குள் போய்விடும். கரண்ட் போன காலையிலும் சமாளிக்க 2,000 லிட்டர் தொட்டி இரண்டு வேண்டும். கழிப்பறையும் குளியலறையும் பெண்களுக்கு ஆறு பேருக்கு ஒன்று, ஆண்களுக்கு எட்டுப் பேருக்கு ஒன்று என்பது தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் கணக்கு. 24 பெண்கள் என்றால் நாலும் நாலும். கடலோரத்தில் வீடு எடுத்தால் பங்குனி, சித்திரையில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். உப்பு ஏறுவது அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ஈரத்துணி. இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி வீதம் தினம் 24 ஜோடி துணி கொடிக்கு வரும். மழையில் காய இரண்டு நாள் ஆவதால் எந்நேரமும் 48 ஜோடி தொங்கும். ஜோடிக்கு ஒன்றரை மீட்டர் வைத்தாலும் 72 மீட்டர் கொடிக்கயிறு வேண்டும். மொட்டைமாடிக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்ட வீடாகப் பாருங்கள். அது இல்லையென்றால் பிள்ளைகள் கட்டில் கம்பியில் காயப்போடுவார்கள். பத்து நாளில் சுவரில் கரும்புள்ளி பூக்கும், தலையணையில் முடை நாற்றம் ஏறும். அரைஈரத்தில் உள்ளாடை போடுவதால் ஒருத்திக்கு வந்த படர்தாமரை அறை முழுக்கப் பரவும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பெட்டிக்கடைக் களிம்பைத் தடவி முற்றவைத்துக்கொள்வார்கள். பாவம், விடுதியை விட்டு ஓடுகிற பிள்ளைகளில் பலர் இதற்காகத்தான் ஓடுகிறார்கள். வாயில் வருகிற காரணம் ‘சாப்பாடு சரியில்லை’.

சாப்பாட்டுக்கு மதியமும் இரவும் சேர்த்து ஆளுக்கு 350 கிராம் சம்பா அரிசி, மொத்தம் 8.4 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஏறக்குறைய பத்து நாள் வரும். மெஸ் பட்ஜெட்டை ஜூன், ஜூலையில் மீன் விலை பார்த்துப் போடாதீர்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். சாளை (மத்தி)கூட விலை ஏறி நிற்கும். அந்த இரண்டு மாதம் முட்டை, பயறு, மரச்சீனி (மரவள்ளி) என்று ஓட்டிவிட்டு ஆகஸ்டில் மீன் நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

பணக் கணக்கை ஒரு மாதிரிக்குப் போடுகிறேன், ஊருக்கு ஊர் மாறும். வாடகை 25,000, வார்டன் 15,000, சமையல் 12,000, உதவிக்கு ஒருவர் 8,000, காவல் 12,000, கரண்டும் பராமரிப்பும் 6,000. மொத்தம் 78,000. 24 பேர் இருந்தால் தலைக்கு 3,250. 16 பேராகக் குறைந்தால் 4,875. பயிற்சி மாதங்களில் நடப்பது இரண்டாவதுதான். சாப்பாடு நாளுக்கு நூறு ரூபாய் என்றால் அதற்கு மேல் 2,200. அதனால் நிலையான செலவில் ஒரு பங்கைக் கல்லூரியோ நன்கொடையாளரோ ஏற்றால் மட்டும் தொடங்குங்கள். ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் அரசு மாணவர்களுக்குத் தரும் ஆயிரம் ரூபாயைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் யோசனையும் சிலருக்கு வரும். வேண்டாம். அது பிள்ளையின் கைக்காசு, அதன் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உள்ளது.

உரிமம் இல்லாமல் ஒரு நாள்கூட நடத்தக் கூடாது. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். ‘எங்களுடையது ஆண்கள் விடுதி’ என்று தள்ளிவிட முடியாது. பத்தாம் வகுப்பு முடித்து வருகிற பையனுக்குப் 16, 17 வயதுதான். சட்டத்தின் கண்ணில் அவன் குழந்தை. கட்டிட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகம், ஒன்று தாமதித்தாலும் எல்லாம் நிற்கும். ஜூனில் வகுப்பு என்றால் பிப்ரவரியிலேயே மனு போட்டாக வேண்டும். ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம்: தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்குகிறவர்களுக்கு 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு.

வாடகை ஒப்பந்தத்தில் 24 பேர் தங்குவார்கள் என்பதை எண்ணிக்கையோடு எழுதுங்கள். கிணறு, மோட்டார், மாடி ஷீட் மூன்றும் நம் உபயோகத்துக்கு, டேங்க் காலி செய்யும் செலவு யாருடையது என்பதும் அதிலேயே வரட்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று வீட்டுக்காரர் இழுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.