அண்ணாச்சி கடைக்கு எதற்கு மாதச் சந்தா?

வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை, பில் போடும் கம்ப்யூட்டரில் இன்னமும் விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் அதை 2020 ஜனவரியோடு கைகழுவிவிட்டது என்றால் "பில்லு அடிக்கில்லா, பெறவென்னவே?" என்கிறார் அண்ணாச்சி. அவரிடம் போய் சைபர் எச்சரிக்கை சேவைக்கு மாதச் சந்தா கேட்கிறது ஒரு கம்பெனி!

எந்த மென்பொருளில் ஓட்டை, எந்த அப்டேட் போடணும் என்பதை மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தன் தளத்தில் சும்மாவே போடுகிறது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டியபோதும், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போட்டவர்கள் எத்தனை பேர்? திருட்டுப்போன பாஸ்வேர்டு எங்கே விலைக்கு வருகிறது என்று தேடிச் சொல்லும் சந்தா சேவை பெரிய நிறுவனங்களுக்கு வேண்டும்தான், சரி. ஆனால் அண்ணாச்சியின் டாலி கணக்கு பேக்கப் இருக்கும் பென்டிரைவ் அதே கம்ப்யூட்டரில்தான் எப்போதும் சொருகிக் கிடக்கிறது, வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். முதலில் அதைக் கழற்றுங்க அண்ணாச்சி.