துத்தநாக ஆக்சைடு நானோதுகள்: வினை எளிது, கழுவுவதுதான் வேலை

புதுச்சேரியில், அதிலும் காலாப்பட்டு போன்ற கடலோரத்தில், துத்தநாக ஆக்சைடு நானோதுகளை வீழ்படிவு முறையில் (கரைசலிலிருந்து திண்மமாகப் படியவைத்து) தயாரித்தால் தொல்லை தராசிலேயே தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் நிறுத்து முடிப்பதற்குள் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் 1 மோலார் கரைசலை மொத்தமாகத் தயாரித்து, ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேஷன் பார்த்து உண்மையான செறிவைக் கண்டுகொண்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி வைக்கிறோம். கண்ணாடி மூடி என்றால் பிடித்துக்கொள்ளும்.

2.2 கிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட்டை 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, ஸ்டிர்ரரில் சுழலவிட்டு, அந்தச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கணக்குப்படி 20 மி.லி. போதும், பிஎச் 10 வந்ததும் நிறுத்திவிடுவோம். 13-ஐத் தாண்டவிட்டால் வீழ்படிவே ஜிங்கேட் என்ற கரையும் துத்தநாகச் சேர்மமாகி மறையத் தொடங்கும். பிறகு 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கினால் போதும்.

இனிக் கழுவுவது. உடன் உண்டான சோடியம் அசிடேட் முழுவதும் போக வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் 5000 ஆர்பிஎம், 10 நிமிடம். முதல் இரண்டு முறை வீழ்படிவு கெட்டித் தயிர் போல அடியில் உட்காரும். மூன்றாவது முறை மேல்நீர் பால் நிறமாக நிற்கும். உப்பு குறையக் குறையத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதப்பதுதான் காரணம். அழுக்கு என்று நினைத்து அதைக் கொட்டினால், இருப்பதிலேயே நுண்ணிய துகள்கள்தான் சிங்க்கில் போகும். வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது எத்தனாலுக்கு மாறுங்கள்.

சோடியம் போய்விட்டதா என்று ஈடிஎக்ஸில் (எக்ஸ் கதிர்க் கோடுகளை வைத்துத் தனிமங்களை அறியும் முறையில்) பார்ப்பதை நாங்கள் நம்புவதில்லை. சோடியத்தின் கோடு 1.04 கேஇவி (ஆற்றல் அலகு), துத்தநாகத்தின் எல் கோடு 1.01, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். கழுவிய நீரின் மின்கடத்துதிறன் டிஸ்டில்டு வாட்டருக்கு அருகில் வந்துவிட்டதா என்று மீட்டரில் பார்ப்பதே மேல்.

கடைசிக் கழுவல் எத்தனாலில்தான். தண்ணீரோடு காயவைத்தால் துகள்கள் இறுகிக் கட்டியாகிவிடும், அகேட் உரலில் அரைத்தாலும் முழுதாகப் பிரியாது. 80 டிகிரி அவனில் இரவு முழுவதும் உலர்த்தி, ஃபர்னஸில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 400-க்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் வைக்கிறோம். இன்னும் ஏற்றினால் படிகம் வளரும்.

விளைச்சல் அதிகபட்சம் 0.82 கிராம். அதற்கு மேல் தராசு காட்டினால் மகிழ வேண்டாம், உப்போ ஈரமோ மிச்சம் இருக்கிறது. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனையில்) 31.8, 34.4, 36.3 டிகிரியில் மூன்று உச்சிகள் வரும். உச்சியின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் போடுமுன் கருவியின் சொந்த அகலத்தைக் கழியுங்கள். கிடைப்பதும் படிக அளவுதான், துகள் அளவு அல்ல.