ஹப்பர்ட் மாடலும் நாங்களும்

ஆகஸ்ட் 4, திங்கள்

எம்எஸ்சி ரெண்டாம் வருஷத்துக்கு ஹப்பர்ட் மாடல் ஆரம்பிச்சாச்சு, திடப்பொருள்ல ஒண்ணையொண்ணு தள்ளிக்கிற எலக்ட்ரான்கள் எப்படி நடந்துக்கும்னு பாக்கிற எளிய மாடல். மொத்தமே ரெண்டு டெர்ம்தான், எலக்ட்ரான் பக்கத்து சைட்டுக்கு (அணு இருக்கிற இடம்) தாவறதுக்கு டி (t), ஒரே சைட்ல ரெண்டு எலக்ட்ரான் சேர்ந்தா ஆகுற எனர்ஜி யூ (U). 1963ல வந்தது. ஒரு பரிமாணத்துல 1968லயே லீப்பும் வூவும் சால்வ் பண்ணிட்டாங்க, ரெண்டு பரிமாணத்துக்கு முழு விடை இன்னும் யார்கிட்டயும் இல்ல.

ஆகஸ்ட் 6, புதன்

ரெண்டு சைட், ரெண்டு எலக்ட்ரான். ஆறே ஸ்டேட்தான் (எலக்ட்ரான் உக்காரக்கூடிய விதம்), கையாலயே போட்டுடலாம், இதுக்கு நான் ஸ்லைடே போடமாட்டேன், சாக்பீஸ்தான். யூ பெருசா இருந்தா ஆளுக்கொரு சைட்ல உக்காந்துக்கும், ஆனா ஸ்பின் (எலக்ட்ரானுக்குள்ள இருக்கிற குட்டி காந்தம் மாதிரி, மேலயோ கீழயோ பாக்கும்) எதிரெதிரா இருந்தா மட்டும் சட்டுனு பக்கத்து சைட்டுக்குப் போயிட்டு வரலாம், ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா ஒரே சைட்ல சேரக்கூடாதுன்னு பவுலி விடமாட்டார், அந்தப் போக்குவரத்துலதான் எனர்ஜி நாலு டி ஸ்கொயர் பை யூ குறையுது, அதனால பக்கத்து ஸ்பின்னெல்லாம் எதிரெதிரா நிக்கறதுதான் லாபம். காந்தம்னு ஒண்ண நாம மாடல்ல போடவே இல்லையே, அது தானா வந்து நிக்குது! எத்தனை பேட்ச்சுக்கு எடுத்தாலும் இந்த இடம் எனக்கு சலிக்கல.

ஆகஸ்ட் 9, சனி

பிஎச்டி பையனோட மதியம் முழுக்க இந்த மாடலுக்கான கம்ப்யூட்டர் கோடு (code) பாத்தோம். 16 சைட், மேல 8 கீழ 8னு எலக்ட்ரான் வச்சா 16 கோடியே 56 லட்சம் ஸ்டேட். 18 சைட்டுக்குப் போனா 236 கோடி, ஒரு வெக்டரை (ஸ்டேட்டுக்கு ஒரு எண்) மெமரில வைக்கவே 19 ஜிபி கிட்ட வேணும். சிமெட்ரிய வச்சு குறைக்கலாம்தான், ஆனாலும் ரெண்டே சைட்டுக்கு இந்தப் பாய்ச்சல். அதவிட பெரிய கஷ்டம், குறைஞ்ச எனர்ஜிக்குப் போட்டி போடுற ஸ்டேட்டெல்லாம் எனர்ஜில அவ்ளோ நெருக்கமா இருக்கு. ஸ்ட்ரைப்புக்கும் (எலக்ட்ரான் வரிவரியா அடுக்கி நிக்கறது) சூப்பர்கண்டக்டருக்கும் (தடையே இல்லாம மின்சாரம் ஓடறது) சைட்டுக்கு டி-ல நூத்துல ஒரு பங்குதான் வித்தியாசம்னு 2017ல பல மெத்தட வச்சு காட்டினாங்க. தோராயம் கொஞ்சம் தப்பினாலும் விடையே மாறிடும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முக்கோண லாட்டிஸ், அதாவது சைட்டெல்லாம் முக்கோணம் முக்கோணமா அடுக்கினது. மூணு ஸ்பின்ல ரெண்டு எதிரெதிரா நின்னாச்சு, மூணாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தர்கிட்ட மனஸ்தாபம்தான். இதுலருந்துதான் இயற்பியலாளர் ஆண்டர்சன் 1973ல ஆர்விபி (ஸ்பின்கள் ஜோடி சேர்ந்து, ஜோடிய மாத்திக்கிட்டே இருக்கும்) ஐடியாவுக்கு வந்தார், 1987ல அத காப்பர் ஆக்ஸைடு சூப்பர்கண்டக்டருக்குக் கொண்டு வந்தார், அதே வருஷம் அவரோட சேர்ந்து மீன்ஃபீல்ட் (சராசரிய வச்சு தோராயமா போடுற) தியரி எழுதினவங்கள்ல நம்ம தரமணி மாட்சயன்ஸ் (கணித அறிவியல் நிறுவனம்) ஜி. பாஸ்கரனும் ஒருத்தர். கிளாஸ்ல இத சொல்லாம எப்படி விடறது.

ஆகஸ்ட் 13, புதன்

"சார், டி-யோட சைன் மாத்தினா என்ன ஆகும்?"னு ஒருத்தன் கேட்டான். சதுர லாட்டிஸ்ல ஒண்ணும் ஆகாது, ஒண்ணுவிட்டு ஒரு சைட்ல சைன மாத்தி சரிக்கட்டிடலாம். முக்கோணத்துல சுத்தி வர மூணு தாவல், ஒத்தைப்படை, சரிக்கட்டவே முடியாது. ஹோம்வொர்க்கா ஒரு எலக்ட்ரான முக்கோணத்துல விட்டு ரெண்டு சைனுக்கும் கிரவுண்ட் ஸ்டேட் (ரொம்பக் குறைஞ்ச எனர்ஜி ஸ்டேட்) கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கேன், ஒண்ணுல எனர்ஜி மைனஸ் ரெண்டு டி, இன்னொண்ணுல மைனஸ் டி, அதுவும் ரெண்டு ஸ்டேட் சமமா வரும். வெள்ளிக்கிழமை போர்டுல அவங்களே போடட்டும்.