செவ்வாய் பின்னிரவுக் குறிப்புகள்

2021 ஜனவரி 13, புதன்

ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சியில் நள்ளிரவுக்குப் பின் தொடங்கிய புதிய அனிமே தொடரை மகளுடன் உட்கார்ந்து பார்த்து முடித்தபோது மணி இரண்டு. ‘வொண்டர் எக் பிரையாரிட்டி’ என்று பெயர். என்ன கதை என்று தெரிந்திருந்தால் வேறு எதையாவது போடச் சொல்லியிருப்பேன். பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்ட பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, மஞ்சள் ஹூடியின் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஊர் உறங்கிய பின் தெருவில் நடக்கிறாள். அவளுடைய ஒரே தோழி கொய்தோ பள்ளி மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள். காசு போட்டால் பொம்மை உருண்டை தரும் கச்சாபோன் இயந்திரத்தில் வாங்கிய முட்டையைக் கனவுக்குள் உடைத்தால், உயிரை மாய்த்துக்கொண்ட வேறொரு சிறுமி அதிலிருந்து வருகிறாள். அவளைக் காப்பாற்றினால், சிலையாக நிற்கும் கொய்தோ திரும்பி வரலாம். அந்தச் சிறுமியைத் துரத்தும் உருவங்களுக்கு ‘மிதெமினுஃபுரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தும் பாராததுபோல் இருப்பது என்று பொருள். அந்தச் சொல் காதில் விழுந்தபோது நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஐ என்ற அந்தப் பெண் பேசுவதைவிட அவளுடைய விரல்களும் தோள்களும் அதிகம் பேசுகின்றன. பாத்திரங்களை வடிவமைத்தவர் தகாஹாஷி சாகி. ஒரு பெண்பிள்ளை பதில் சொல்லுமுன் எங்கே பார்ப்பாள், கையை எங்கே ஒளிப்பாள் என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

“அவ குனிஞ்சு நடக்கறது நெஜமா இருக்கும்மா” என்றாள். இந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

2021 ஜனவரி 20, புதன்

முட்டை வாங்கும் இடத்தில் இருக்கும், மரப்பொம்மைகளைப் போன்ற அந்த இரண்டு ஆண்களுக்கும் அக்கா, உரா-அக்கா என்று பெயராம். நான் “அக்காவா?” என்று கேட்டதற்கு அவள் சிரித்தாள்.

2021 ஜனவரி 29, வெள்ளி

2019 நிதியாண்டில் முப்பது நாட்களோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் 1,81,272 பேர் என்று இந்நாட்டுக் கல்வி அமைச்சகம் கணக்கு வைத்திருக்கிறது. அவர்களைக் குறிக்க ‘ஃபுதோகோ’ என்ற சொல்லும் இருக்கிறது. எண்ணும் சொல்லும் இருக்கும் ஊரில், காரணத்தைக் கேட்கும் முறையை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோக்கியோவின் நிஷி-கசாயில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் மிக அன்பாகக் கேட்பது “எப்போ போகப்போறா?” என்பதுதான்.

இந்தத் தொடர் ‘எப்போது’ என்று கேட்பதே இல்லை. கொய்தோ ஏன் செத்தாள் என்றே ஒவ்வொரு வாரமும் கேட்கிறது. அதற்காகத்தான் புதன்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

2021 பிப்ரவரி 3, புதன்

நான்காம் பகுதியில் ஒரு வசனம் என்னை உறங்கவிடவில்லை. ஆண்பிள்ளைகள் ஒரு நோக்கத்தோடு சாகிறார்கள், பெண்பிள்ளைகள் உணர்ச்சியால் சாகிறார்கள், பிறர் குரலுக்கு எளிதில் ஆட்பட்டுவிடுகிறார்கள் என்று அந்த மரப்பொம்மை மனிதர்கள் விளக்குகிறார்கள். தொடர் இதை அவர்களுடைய குறையாகக் காட்டுகிறதா, தன்னுடைய கருத்தாகவே சொல்கிறதா என்று புரியவில்லை. குறையாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். முட்டைகளிலிருந்து வரும் ஒவ்வொரு சிறுமிக்கும் ஒரு தனி மனிதரால் நேர்ந்த தனிக் காயம் இருக்கும்போது, எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்களை நம்புவதற்கில்லை.

2021 பிப்ரவரி 10, புதன்

ஐ, அவளைப் போலவே முட்டை உடைக்கும் நெய்ரு, ரிகா, மொமோயே என்று நான்கு பெண்களும் ஐயின் வீட்டில் கூடி விளையாடுகிறார்கள். ஐயின் அம்மா பின்னால் நின்று கொள்ளும் மகிழ்ச்சியைப் பார்க்கமுடியாமல், தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

2021 பிப்ரவரி 17, புதன்

மழையில் ஓடிவந்து, மூச்சிரைக்க, பள்ளிக்கு வருகிறேன் என்று சவாகி ஆசிரியரிடம் சொல்லிவிட்டாள் ஐ. ஆறாம் பகுதி அந்தச் சிரிப்போடு முடிந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பின்னும் இருவரும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

2021 பிப்ரவரி 18, வியாழன்

காலையில் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டினேன். மாலையில் எடுத்து உள்ளே வைத்தேன்.

2021 மார்ச் 3, புதன்

இன்று புதிய கதை இல்லை. இதுவரை வந்த காட்சிகளையே தொகுத்து எட்டாம் பகுதியாக ஒளிபரப்பினார்கள். “வரைஞ்சு முடிக்கல போல” என்றாள் அவள். குளோவர்வொர்க்ஸ் நிறுவனம் இந்தப் பருவத்தில் ‘ஹோரிமியா’வையும் ‘தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ இரண்டாம் பருவத்தையும் இதனுடன் சேர்த்தே சுமக்கிறது. அவ்வளவு விரல்களையும் தோள்களையும் வாரந்தோறும் வரைய வேண்டிய கைகளை நினைத்தால் கோபம் வரவில்லை, கலக்கம்தான் வருகிறது.

அவள் பார்க்கும் மற்றத் தொடர்களுக்கெல்லாம் மூலமாக மங்கா என்ற படக்கதை இருக்கிறது. அவள் முன்னமே படித்துவிட்டு, என் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பாள். இதற்கு மூலநூல் இல்லை. எழுதிய நோஜிமா ஷின்ஜி 1990களில் பெயர்பெற்ற தொலைக்காட்சி நாடக ஆசிரியர், அனிமேக்கு எழுதுவது இதுவே முதல்முறை. இயக்குநர் வகபயாஷி ஷின்னுக்கும் முழுத் தொடர் இதுவே முதல். இது எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடந்த செப்டம்பருக்குப் பின் நாங்கள் இருவரும் ஒரே படியில் நிற்கும் இடம் இது ஒன்றுதான். ஆகவே பன்னிரண்டு வாரங்களில் ஒன்று வீணானது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை. இன்னும் நான்கே வாரங்கள் இருக்கின்றன. ரிகாவின் அப்பா யார், சவாகி ஆசிரியர் எப்படிப்பட்டவர், கொய்தோ ஏன்?

2021 மார்ச் 14, ஞாயிறு

தோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டதாக இன்று அறிவித்தார்கள். இவ்வளவு முந்திப் பூப்பது அரிது. ஜன்னல் வழியே பார்த்தாள்.

2021 மார்ச் 17, புதன்

தன்னை ஆணாக உணர்ந்த கௌரு என்ற பிள்ளை முட்டையிலிருந்து வந்து, மொமோயேயிடம் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் காட்சிக்காக, இந்தத் தொடருக்கு நான் என்றும் கடன்பட்டிருப்பேன். சொல்பவரின் வலியைப் பெரிதாக்காமல், கேட்பவளை அழவைத்து நாடகமாக்காமல், அப்படியே நின்று கேட்கவைத்திருக்கிறார்கள். இப்படிக் கேட்கத் தெரிந்த தொடர் கொய்தோவைக் கைவிடாது என்று நம்புகிறேன்.

உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய காவல்துறையின் 2020 கணக்கு செய்தியில் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் 499 பேர். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன்.

2021 மார்ச் 24, புதன்

பதினொன்றாம் பகுதி முழுவதும் ஃப்ரில். அக்காவும் உரா-அக்காவும் ஆய்வகத்தில் அடைபட்டுக் கிடந்த காலத்தில், தங்களுக்கு ஒரு மகள் வேண்டும் என்று செய்துகொண்ட செயற்கைப் பெண். வயது பதினான்கு என்றே அமைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அஸுசா என்ற பெண் வந்து, அன்பு பங்குபோகிறது என்று தோன்றியதும், கர்ப்பிணியாகக் குளித்துக்கொண்டிருந்த அவளுடைய தொட்டிக்குள் ஃப்ரில் தலைமுடி உலர்த்தியைப் போட்டுக் கொன்றுவிடுகிறாள். பிழைத்த குழந்தை ஹிமாரியும் வளர்ந்து பதினான்கு வயதில் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். தனியாக எடுத்துப் பார்த்தால் திகிலூட்டும் பகுதிதான்; பின்னணியில் தொங்கும் அமைதி, ஃப்ரில்லின் முகத்தில் எதுவும் அசையாதது, எல்லாம் தேர்ந்த வேலை.

ஆனால் இதற்குப் பின் இந்தத் தொடர் சொல்லவருவது என்ன? சிறுமிகளைச் சாவுக்கு இழுத்துச்செல்லும் ஒரு தூண்டுதல் உண்டு, அதன் வேர் ஃப்ரில் என்றால், முதல் பகுதியிலிருந்து நாங்கள் பார்த்த அத்தனை காரணங்களும் என்ன ஆவது? வகுப்பில் சுற்றி நின்று சிரித்தவர்கள், அடித்த பயிற்சியாளர், தொட்ட கை, பார்த்தும் பாராததுபோல் போன தோழி, கதவுக்கு வெளியே நின்று சோறு வைத்துவிட்டுப் போன தாய், இவர்கள் எல்லோருக்கும் விடுதலை கொடுத்தாகிவிட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டாள், அவளும் ஒரு இயந்திரம். நான்காம் பகுதியில் அந்த ஆண்கள் சொன்ன வசனத்தைக் குறை என்று எடுத்துக்கொண்டேனே, அதையே தொடர் இப்போது கதையாக்கிவிட்டது. பிறர் குரலுக்கு ஆட்படும் பெண்பிள்ளைகள். அந்தக் குரலுக்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்பது எவ்வளவு கடினம் என்று தெரியாதவர்களாக இருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். பத்து வாரங்கள் கேட்டவர்கள். நானே கேட்கத் துணியாததைக் கேட்டவர்கள். பதில் கிடைக்காமல் போயிருந்தாலும் ஏற்றிருப்பேன். பதில் இல்லை என்று ஐ அழுதிருந்தாலும் அவளோடு அழுதிருப்பேன்.

அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். குளியலறைக்குச் சென்று முடி உலர்த்தியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

2021 மார்ச் 25, வியாழன்

காலையில் உலர்த்தி அதன் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அவள் தலைகுளித்திருந்தாள்.

2021 மார்ச் 31, புதன்

முடியவில்லை. பன்னிரண்டு பகுதிகள் ஓடி, ஐ வேறொரு உலகத்து ஐயைச் சந்தித்து, எதுவும் தீராமல் நின்றுவிட்டது. மீதி ஜூன் மாத இறுதியில் சிறப்புப் பகுதியாக வருமாம். மூன்று மாதம்.

தொடரின் தொடக்கப் பாடல், இங்கே பள்ளி முடித்துப் பிரியும் விழாவில் சேர்ந்து பாடும் பழைய பாட்டு. மார்ச் முழுவதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பூங்கொத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தொடரைச் செய்தவர்களுக்கு அந்தப் பாட்டின் எடை தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்களிடம்தானே எதிர்பார்க்க முடியும்.

2021 ஏப்ரல் 7, புதன்

புதிய கல்வியாண்டு. மழை இல்லை. வேறு எழுத எதுவுமில்லை.

2021 மே 16, ஞாயிறு

முதல் பகுதியை அவள் தனியாக மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. நான் வெளியே தரையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். வெறும் சத்தமாகக் கேட்டபோதும் நன்றாகத்தான் இருந்தது. மூச்சு வாங்குவதும், காலணி தேய்வதும், ஐ கொய்தோவின் சிலையிடம் பேசும் குரலும். இவ்வளவு நல்ல தொடக்கம் ஒன்றை இவர்கள் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

2021 ஜூன் 30, புதன்

ஒரு மணிநேர ஒதுக்கீட்டில் ஏறக்குறையப் பாதி பழைய காட்சிகள். மூன்று மாதம் காத்திருந்தவர்களுக்கு அதையே முதலில் கொடுத்தார்கள்.

பிறகு வந்த பாதியில், போராடி மீட்கப்பட்ட கொய்தோ உயிரோடு வருகிறாள், ஐயை யாரென்று தெரியாதவளாக. இது கொடுமையான கற்பனை. ஆனால் உண்மையான கற்பனை. இறந்தவர் திரும்பினாலும் நம்முடையவராகத் திரும்பமாட்டார் என்ற அந்த இடத்தில் தொடர் மறுபடி ஒரு கணம் தன் பழைய உயரத்துக்குப் போனது. ஐயின் முகத்தை அவ்வளவு நேரம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

கொய்தோ ஏன் என்ற கேள்விக்கு சவாகி ஆசிரியரின் வாயிலிருந்து பதில் வருகிறது. அவள்தான் அவரை நெருங்கி, அவரை இக்கட்டில் மாட்டப் பார்த்தாளாம். கடைசியில் தவறி விழுந்தாளாம். இறந்த பெண்ணைப் பற்றி உயிரோடிருக்கும் ஒரு பெரியவர் சொல்கிறார், அதோடு கணக்கு முடிந்துவிட்டது. அவளுடைய குரலில் ஒரு வாக்கியம்கூட இல்லை. ஜனவரியிலிருந்து நான் காத்திருந்தது இதற்கா என்று நெஞ்சு அடைத்தது. நெய்ரு வேறு உலகத்தில் தங்கிவிடுகிறாள், மற்ற இருவரும் விலகிப்போகிறார்கள், ஐ மறுபடி முட்டை வாங்கும் இடத்துக்கே ஓடிவருகிறாள். அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள்.

“அந்த சார் சொன்னத நீ நம்பறியாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு. கொய்தோ சொன்னா நம்புவேன்.”

தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, திரை அணைந்த பின்னும் போகாமல் இருந்தாள்.

2021 ஜூலை 2, வெள்ளி

மழைக்காலம் விடுகிற மாதிரி இல்லை. இன்று மதியம் தோசை ஊற்றும்போது அடுக்களைக்கு வந்து நின்றாள். ஐந்தாம் பகுதியை நாளைக்கு மறுபடி பார்க்கலாமா, அந்த நான்கு பேரும் வீட்டில் விளையாடும் பகுதி, நீ அன்றைக்குப் பாதியில் எழுந்து போய்விட்டாய் என்றாள். பார்க்கலாம் என்றேன். பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே, கடந்த செப்டம்பர் பற்றி ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு