மூன்றாவது மாதம்தான் கஷ்டம்

அப்பா கொத்தனார். இருமலை சிமெண்ட் தூசி என்று சொல்லியே ஒரு மாதம் ஓட்டிவிட்டார். ராத்திரிக் காய்ச்சலும் சேர்ந்து, லுங்கி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர ஒத்துக்கொண்டார்.

சளிக்கு இரண்டு டப்பா கொடுத்தார்கள். ஒன்றில் அப்போதே, இன்னொன்றில் மறுநாள் விடிந்ததும். அப்பா முதலில் துப்பியது வெறும் எச்சில். நர்ஸம்மா அவரை வெளியே காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போய், மூச்சை நன்றாக இழுத்துவிட்டு அடிநெஞ்சிலிருந்து இருமச் சொன்னார். அப்புறம்தான் சளி வந்தது. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்பதும் அதிலேயே தெரிந்தது.

எடை 46 கிலோ, அதனால் தினம் மூன்று மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா மறுநாளே நிறுத்தியிருப்பார்.

"சானடோரியத்தில் சேர்த்துவிடு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி அது. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்விலேயே, வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்குக் குணமானார்கள் என்று எங்கள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் விளக்கினார். எனக்கு அது பெரிய தைரியம். நாலு வயது அண்ணன் மகனைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று பார்த்தபின் தடுப்பு மருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை. இருமலும் போயிற்று. அப்பா வேலைக்குக் கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டை துவைக்க எடுத்தால், பையில் நாலு நாள் மாத்திரை அப்படியே கிடக்கிறது! எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாதியில் விட்டால் நோய் திரும்பும், கிருமி மருந்துக்கு மசியாமலும் போகலாம்.

பணியாளர் வந்து திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்ணா விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். காலையில் போட்டால் குமட்டுகிறது, வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் பார்க்கப் போட வெட்கம் என்றார் அப்பா. சரி, ராத்திரி படுக்கும் முன் போடுங்கள் என்று நேரத்தை மாற்றினார். விட்ட நாட்களையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். நான் இத்தனை நாளாக ஒரு தடவைகூட அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் முட்டைக்கும் வேர்க்கடலைக்கும் போனது. வங்கிக் கணக்கு விவரத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். எடை 52 ஆனபோது மாத்திரை நான்கானது. அன்று அப்பா எடை மெஷினில் இரண்டு முறை ஏறிப் பார்த்தார்.