டெக்சஸில் ஒரு பேடே கடன் வழக்கு: நானே எதிருரை தாக்கல் செய்த அனுபவம்

டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் கவுண்டியில் வசிக்கும் என்மீது, திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றுபோன ஒரு பேடே கடனுக்காக (அடுத்த சம்பள நாளில் அடைப்பதாக வாங்கும் குறுகிய காலக் கடன்), சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. கையில் வாங்கிய தொகை 600 டாலர். மனுவில் கேட்கப்பட்ட தொகை, வழக்கறிஞர் கட்டணம் உட்பட, 1,640 டாலர். வழக்கைத் தொடுத்தது எனக்குக் கடன் கொடுத்த கடையன்று. அதுவரை நான் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத, வராக்கடன்களை மொத்தமாக விலைக்கு வாங்கும் ஒரு நிறுவனம். வழக்கறிஞரை அமர்த்தாமல் நானே எதிருரை (மனுவுக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்து இதைக் கடந்து வந்தேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய கடன்களைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்பதால், அப்போது எனக்குத் தேவைப்பட்ட விவரம் எதுவும் தமிழில் கிடைக்கவில்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது டெக்சஸுக்கு மட்டுமே பொருந்தும்.

கடன் உருவான விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் வழக்கின் பலவீனம் அதற்குள்ளேதான் இருந்தது. காரைப் பழுது பார்ப்பதற்காக, அடுத்த சம்பளத்தில் அடைத்துவிடலாம் என்ற கணக்கில் அந்தப் பணத்தை வாங்கினேன். அதற்குள், எச்-4 விசாவில் (எச்-1பி பணியாளரின் துணைவருக்கானது) இருந்த என் வேலை அனுமதி அட்டையின் புதுப்பிப்பு தாமதமாகி, பழைய அட்டை காலாவதியான நாளிலிருந்து என் சம்பளம் நின்றது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 138 டாலர் கட்டிக் கடனைப் புதுப்பித்துக்கொண்டே போனேன். அதில் ஒரு டாலர்கூட அசலில் கழியவில்லை. ஆண்டு விகிதத்தைக் கடன் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் விதி. என் பத்திரத்தில் அது ஏறத்தாழ 600 சதவீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது.

இந்த விகிதம் சாத்தியமாவதற்குக் காரணம், டெக்சஸில் பேடே கடை தன்னைக் கடன் கொடுப்பவராகக் காட்டிக்கொள்வதில்லை என்பதே. மூன்றாவது நிறுவனம் ஒன்றிடமிருந்து 10 சதவீதத்துக்கு மிகாத வட்டிக்குக் கடன் பெற்றுத் தரும் இடைத்தரகராக, ‘கிரெடிட் ஆக்சஸ் பிசினஸ்’ என்ற வகையில் அது உரிமம் பெறுகிறது. அந்தத் தரகுக்கு வாங்கும் கட்டணத்துக்கு மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. நான் கட்டிய 138 டாலரில் இரண்டு டாலர் சொச்சம் மட்டுமே வட்டி, மற்றது முழுவதும் கட்டணம். கடன் வாங்கியவர் தவறினால், உத்தரவாதம் கொடுத்திருக்கும் கடை அந்த மூன்றாவது நிறுவனத்துக்குப் பணத்தைச் செலுத்திவிட்டுக் கடனைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே, வழக்குத் தொடுத்த நிறுவனத்திடம் என் கடன் போய்ச் சேர்வதற்குக் குறைந்தது இரண்டு கைமாற்றங்கள் நடந்திருக்க வேண்டும்.

வழக்குக்கு முந்தைய மாதங்களில் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. பணம் கட்டாவிட்டால் போலீஸ் வரும், விசாவுக்கே ஆபத்து என்று அழைத்தவர்களில் ஒருவர் மிரட்டினார். கடனைத் திருப்பித் தர இயலாமல் போவது குற்றமன்று. குற்றம் எதுவும் நிகழாதபோது கைது செய்ய வைப்பதாக மிரட்டி வசூலிப்பதைத்தான் டெக்சஸ் நிதிச் சட்டத்தொகுப்பின் 392ஆம் அத்தியாயம் தடைசெய்கிறது. இருந்தும், ஒருநாள் மாலை சீருடையுடன் ஒருவர் வந்து கதவைத் தட்டியபோது அந்த மிரட்டல்தான் நினைவுக்கு வந்தது. வந்தவர் கான்ஸ்டபிள் அலுவலகத்தைச் சேர்ந்தவர். இங்கே கான்ஸ்டபிள் என்பவர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் அதிகாரி. நீதிமன்றத் தாள்களைச் சேர்ப்பிப்பது அவருடைய அலுவலகத்தின் அன்றாட வேலை. சம்மனையும் மனுவின் நகலையும் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். போலி வசூல்காரர்கள் போலி வழக்கு எண்களையும் அனுப்புவதுண்டு என்பதால், தாளில் இருந்த எண்ணை அழைக்காமல், கவுண்டியின் இணையதளத்தில் நீதிமன்ற எழுத்தரின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். வழக்கு உண்மையானதுதான்.

ஜஸ்டிஸ் கோர்ட்டில் எதிருரைக்கான கெடு, சம்மன் கைக்கு வந்த நாளுக்குப் பிந்தைய 14ஆம் நாளின் முடிவு. மாவட்ட நீதிமன்றங்களில் இந்தக் கணக்கு வேறு. அங்கே 20 நாள்கள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணி. நான் படித்த குறிப்புகள் பலவற்றில் இந்த இரண்டாவது கணக்கே இருந்தது, அதை நம்பியவருக்குக் கெடு தாண்டிவிடும். எனவே வேறெதையும் நம்பாமல் சம்மனில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புவது நல்லது. எதிர்தரப்பு வழக்கறிஞரின் அலுவலகத்தை அழைத்து நிலைமையை விளக்குவது எதிருரை ஆகாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் நாள்கள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

எதிருரை தராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. கடன் வசூல் வழக்குகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இப்படியே முடிகின்றன என்று பியூ அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. டெக்சஸ் அரசமைப்பின்படி இத்தகைய கடனுக்காகச் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்துவிட்டால், தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர் கணக்கையே முடக்க நீதிமன்றத்தை நாடலாம். எங்களுடையது கணவரும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு. வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது.

கெடுவைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. ஜஸ்டிஸ் கோர்ட் விதிகளின்படி, மனுவில் உள்ள எல்லாவற்றையும் பொதுவாக மறுக்கிறேன் என்று எழுதினாலே அது போதுமான எதிருரை. காரணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பணத்தை வாங்கியவள் நான். அப்போது எங்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், “ஏம்மா, வாங்கினது வாங்கினதுதானே, கோர்ட்டுல போய் இல்லைன்னு எப்படி எழுதுவே?” என்று கேட்டார். எனக்கும் அதே தயக்கம் இருந்தது. மனுவை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முழுவதையும் படித்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, “லெட்ஜர் எங்கே?” என்பது. கடன் பத்திரமும் வரவுக் கணக்கும் இல்லாமல் தம் வங்கியில் ஓர் உறுப்பினருக்கு நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது என்றார் அவர்.

அந்தக் கேள்வியிலேயே என் தயக்கத்துக்கு விடை கிடைத்தது. பொது மறுப்பு என்பது கடனே வாங்கவில்லை என்று சத்தியம் செய்வதன்று. இந்தத் தொகை இந்த நிறுவனத்துக்கு என்னிடமிருந்து வரவேண்டியது என்பதை அந்த நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தின் முன் வைக்கும் கோரிக்கை அது. பத்திரத்தில் உள்ளது உன் கையெழுத்தா என்று நீதிபதி கேட்டால் ஆம் என்றுதான் சொல்லப்போகிறேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் 600 எப்படி 1,640 ஆனது, அதைக் கேட்கும் உரிமை இவருக்கு எப்படி வந்தது என்ற இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. விடை சொல்ல வேண்டியவளும் நான் அல்லள்.

கடன் வசூல் வழக்குகளின் மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை டெக்சஸ் சிவில் நடைமுறை விதி 508.2 வரையறுக்கிறது. கடன் கொடுத்த தேதி, அசல் தொகை, கடைசித் தவணைக்குரிய தேதி, அன்று நிலுவையில் இருந்த தொகை ஆகியவற்றோடு, கைமாறிய கடன் என்றால் மாற்றப்பட்ட தேதியும், முன்பு வைத்திருந்தவர்களின் பெயர்களும், முதலில் கடன் கொடுத்தவர் யார் என்பதும் சொல்லப்பட வேண்டும். எனக்கு எதிரான மனு கடையையே முதலில் கடன் கொடுத்தவர் என்றது. என் பத்திரத்திலோ கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. கைமாற்றங்களில் ஒன்றுக்கு மட்டுமே தேதி தரப்பட்டிருந்தது. நான் கட்டிய புதுப்பிப்புத் தொகைகள், கூட்டினால் அசலையே மிஞ்சுபவை, எங்கும் தென்படவில்லை. காலவரம்பு வாதம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. டெக்சஸில் அது நான்கு ஆண்டுகள், என் கடனுக்கு அவ்வளவு வயதாகவில்லை. உங்களுடைய கடன் அதைவிடப் பழையதென்றால், காலம் கடந்துவிட்டது என்பதை எதிருரையிலேயே எழுதிவிட வேண்டும். 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, கடனை விலைக்கு வாங்கிய நிறுவனம் காலம் கடந்த கடனுக்கு வழக்குத் தொடுக்கக் கூடாது. இடையில் சிறு தொகை கட்டியிருந்தாலும் காலவரம்பு மறுபடி உயிர்பெறாது.

எழுதுவதும் தாக்கல் செய்வதும் நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. டெக்சஸ்லாஹெல்ப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவத்தை எடுத்து, பொது மறுப்போடு, நான் செலுத்திய தொகைகள் கழிக்கப்படவில்லை என்பதையும், வழக்குத் தொடுத்தவர் இந்தக் கடனின் உரிமையாளர் என்பதை நான் ஏற்கவில்லை என்பதையும் இரண்டு வாக்கியங்களாகச் சேர்த்தேன். எதிருரைக்குக் கட்டணம் இல்லை. இஃபைல்டெக்சஸ் என்ற இணையவழித் தாக்கல் தளம் வழியாகவும் அனுப்பலாம் என்றாலும், முத்திரையிட்ட நகல் உடனே கையில் வேண்டும் என்பதால் நேரில் போய்க் கொடுத்தேன். எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதையும் பத்திரப்படுத்தினேன்.

எதிருரை போய்ச் சேர்ந்ததும் அழைப்புகளின் தொனி மாறியது. மாதம் 100 டாலர் கட்டினால் போதும், இந்த ஒப்புதலில் கையெழுத்திடுங்கள், நீதிமன்றத்துக்கு வரவே வேண்டாம் என்றார்கள். அனுப்பப்பட்ட தாளின் தலைப்பு ‘அக்ரீட் ஜட்ஜ்மென்ட்’. அதில் கையெழுத்திடுவது, முழுத் தொகைக்கான தீர்ப்பை நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். ஒரு தவணை தவறினால், ஒருதலைப்பட்சத் தீர்ப்பைப் போலவே அதைக் காட்டி வங்கிக் கணக்குக்கு வரலாம். கனிவான குரலில் வந்ததாலேயே, முழு வழக்கிலும் ஆபத்தான தாள் அதுதான் என்பது என் கருத்து. கையெழுத்திட மறுத்து, எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன்.

ஜஸ்டிஸ் கோர்ட்டில் ஆவணங்களைக் கேட்டு எதிர்தரப்புக்கு நேரடியாக எழுதினால் பயனில்லை; நீதிபதியின் அனுமதி வேண்டும். விதி 500.9இன்கீழ் ஒரு சிறு மனுப் போட்டு, கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒவ்வொரு கைமாற்றத்துக்குமான ஆவணம், முழு வரவுக் கணக்கு ஆகிய மூன்றை மட்டும் கேட்டேன். நீதிபதி அனுமதித்தார். இந்த நீதிமன்றங்களின் நீதிபதிகள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், கேட்பதைச் சுருக்கமாகவும் வெளிப்படையாகவும் கேட்பதே நல்லது என்று எனக்குத் தோன்றியது. வந்துசேர்ந்தவை: ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒட்டுமொத்தமாக விற்றதைச் சொல்லும், என் பெயரோ கணக்கு எண்ணோ இல்லாத ஒரு விற்பனைப் பத்திரம், விரிதாளிலிருந்து அச்செடுத்த ஒரேயொரு வரி, ஒரு பிரமாணப் பத்திரம். வரவுக் கணக்கு வரவேயில்லை. மாமனார் அந்த ஒற்றை வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நாளன்று வழக்குகளின் பெயர்களை வரிசையாகப் படித்தார்கள். பெரும்பாலான பிரதிவாதிகள் வரவில்லை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் தீர்ப்பாகிக்கொண்டிருந்தது. எதிர்தரப்பு வழக்கறிஞர் கையில் பல கோப்புகள் இருந்தன, சாட்சி ஒருவரும் உடன் வரவில்லை. என் முறை வருவதற்குள் அவரே வந்து, வெளியே பேசலாமா என்று கேட்டார். வங்கி அறிக்கைகளில் என் கட்டணங்களுக்கு வண்ணமிட்டிருந்த பக்கங்களைக் காட்டினேன். அவர் 900 என்றார். பேசிப்பேசி 400 டாலரில் முடிந்தது.

வென்றிருக்க முடியுமே, ஏன் பணம் கொடுத்தாய் என்று தோழிகள் சிலர் கேட்டார்கள். ஆதாரம் போதாது என்று உணர்ந்தால் வாதி வழக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்ற வழக்கைக் காலவரம்புக்குள் மறுபடி தொடுக்கவும், கடனை இன்னொருவருக்கு விற்கவும் தடையில்லை. எனக்கு வேண்டியிருந்தது முடிவு. எனவே, மீண்டும் தொடர முடியாத வகையில் வழக்கு தள்ளுபடி செய்யப்படும், மீதித் தொகை யாருக்கும் விற்கப்படாது, கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிலிருந்து இந்தப் பதிவு நீக்கப்படும் என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகே, வங்கிக் கணக்கு எண்ணைத் தராமல், கேஷியர் காசோலையாகப் பணத்தைக் கொடுத்தேன். தள்ளுபடியாகும் தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், அதை வருமானமாகக் காட்டும் 1099-சி வரிப் படிவம் வரக்கூடும் என்பதால், தகராறில் இருந்த கடன் என்பதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொன்னேன்.

நீதிபதி கையெழுத்திட்ட தள்ளுபடி ஆணை பதிவில் ஏறிவிட்டதா என்பதை எழுத்தரிடம் உறுதிசெய்து, சான்றிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்தேன். அது வீண்போகவில்லை. சில மாதங்கள் கழித்து வேறொரு வசூல் நிறுவனம் இதே கடனுக்கு, பழைய தொகையையே குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பியது. அத்தகைய கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் கடனை எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். ஆணையின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் ஒரு பக்க மறுப்புக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த நிறுவனத்திடமிருந்து அதன்பின் எதுவும் வரவில்லை.