ராக்கம்மாவும் ஒரு தேவாரமும்

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்த பேச்சு, பன்னிரண்டு மணி வரை ஓயவில்லை. இதுவரை வந்ததிலேயே சிறந்த பாட்டு எது? தம்பி குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'தான் என்று ஒரே பிடியாக நின்றான். நான் 'ராக்கம்மா கையத் தட்டு' என்றேன். 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய நேயர் வாக்கெடுப்பில் இது நான்காவது இடம், தம்பியின் பாட்டு பத்தாவது. முதலிடம் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாட்டுக்கு.

ஆனால் வாக்கை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. வாலி எழுதி, எஸ்.பி.பி.யும் சுவர்ணலதாவும் பாடி, தெருவே ஆடுகிற மாதிரி ஒரு குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் எல்லாம் அடங்கி அப்பர் தில்லையில் பாடிய 'குனித்த புருவமும்' எழுகிறது பாருங்கள், அந்த இடம்! ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய தேவாரம், பிறகு மறுபடியும் அதே ஆட்டம், எங்குமே ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. இளையராஜாவால் மட்டும்தான் முடியும் என்று நான் மனதார நம்புகிறேன். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அம்மா மட்டும் கடைசி வரை 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே'யை விட்டுக்கொடுக்கவே இல்லை. சரி, உங்கள் பாட்டு எது? காரணத்தோடு சொல்லுங்கள்.